ஐ.என்.ஏ.வில் இருந்த மலாயா கொள்ளுத்தாத்தா: தேடலை எங்கே தொடங்குவது?

காளையார்கோவில் மருது கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் தாத்தா 1930-களில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) மூலமாக மலாயா போனவர். பேராக்கில் சுங்கை சிப்புட் அருகே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து "பர்மா சண்டைக்குப் போனார், இம்பால் வரைக்கும் போனார்" என்று வீட்டில் சொல்வார்கள். 1947 வாக்கில் ஊருக்குத் திரும்பி, 1978-ல் காலமானார். தியாகி பென்ஷன் வந்ததா, மனு போட்டதோடு நின்றுவிட்டதா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு.

கையில் இருப்பது இரண்டே பொருள். தொப்பியும் காக்கி அரைக்கால் சட்டையுமாக ஒரு ஸ்டுடியோ படம். மடிப்பில் கிழிந்துபோன, கலெக்டர் ஆபீஸ் முத்திரை உள்ள ஒரு தபால். அதில் எண் மட்டும் பாதி தெரிகிறது.

அவர் எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே பிடிபட்டார், எப்படித் திரும்பினார் என்று ஆவணத்தோடு தெரிய வேண்டும். 2016-ல் வெளியிட்ட நேதாஜி கோப்புகளில் பெயர் இருக்குமா? டெல்லி போயே ஆக வேண்டுமா?

---

பழங்கோப்பு:

டெல்லிக்கு இப்போதே டிக்கெட் போடாதீர்கள். 2016 ஜனவரி 23-லிருந்து வெளியான கோப்புகள் பெரும்பாலும் நேதாஜியின் மறைவு, அதை விசாரித்த கமிட்டிகள், அவர் குடும்பம் பற்றியவை. சாதாரணச் சிப்பாயின் பெயரை அதில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

முதலில் அவர் எந்த வகை ஆள் என்பதைத் தீர்மானியுங்கள். ஆவணம் இருக்கும் இடம் அதைப் பொறுத்தே மாறும். "ஐ.என்.ஏ.வில் இருந்தார்" என்று ஊரில் சொல்வது குறைந்தது நான்கு விதமான ஆட்களைக் குறிக்கும்.

ஒன்று, ஏற்கெனவே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து, 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது கைதாகி, பிறகு படை மாறியவர்கள். இவர்களுக்குப் பட்டாளத்து எண் உண்டு. திரும்பிய பின் டெல்லி செங்கோட்டையிலும் கல்கத்தா அருகே ஜிகர்கச்சா, நீல்கஞ்ச் முகாம்களிலும் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். பழைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸில் டிஸ்சார்ஜ் விவரம் கேட்கலாம். மதராஸ் சாப்பர்ஸ் ஆட்களுக்கு அது பெங்களூர், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்.

இரண்டு, மலாயாவிலும் பர்மாவிலும் நேரே சேர்ந்த சிவிலியன்கள். தோட்டத் தமிழர்கள் பெரும்பாலும் இந்த வகைதான், உங்கள் கொள்ளுத்தாத்தாவும் இதில்தான் வருவார். இவர்களுக்குப் பழைய ராணுவ எண் கிடையாது, ரெஜிமென்ட் ஆபீஸுக்கு எழுதினால் பதில் வராது.

மூன்று, ஆயுதம் தூக்காமல் இந்திய சுதந்திர லீக் கிளைகளில் நிதி திரட்டல், அரிசி விநியோகம், பிரச்சாரம் என்று வேலை பார்த்தவர்கள்.

நான்காவது வகையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். "பர்மாவுக்குப் போனார்" என்றாலே படை என்று ஆகாது. 1943-ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைந்தது. அங்கே போகாமல் தப்பிக்கவே படையில் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் ரயிலுக்கும் தம்பி படைக்கும் போயிருக்கலாம். ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் "பர்மாவா?" என்று கேட்காமல் "சயாமா, ரங்கூனா? துப்பாக்கி பிடித்தாரா, மண் வெட்டினாரா? காலரா பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

இம்பால் விஷயத்திலும் கவனம் தேவை. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை 2. சிவிலியன் ஆள்சேர்ப்பு அதற்குப் பிறகே பெரிய அளவில் நடந்தது. அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. இம்பால் போர் 1944 மார்ச் முதல் ஜூலை வரை. அதில் இறங்கிய முதல் டிவிஷனில் பெரும்பாலோர் பழைய சிப்பாய்கள். தோட்டத்திலிருந்து சேர்ந்தவர் பர்மா போயிருந்தால் 1945-ல் இராவதி ஆற்றங்கரையிலோ போப்பா மலையிலோ இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மலாயாவிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட மூன்றாவது டிவிஷனில் இருந்து, எல்லை தாண்டாமலே போர் முடிந்திருக்கவும் கூடும். இம்பால் என்பது பேரப்பிள்ளைகள் பாடப்புத்தகம் படித்த பிறகு கதையில் ஏறிக்கொள்ளும் பெயர்.

---

தாலுகா கச்சேரி:

மருது தம்பி, உங்களிடம் இருக்கிற அந்தக் கிழிந்த தபால்தான் முதல் சாவி. பென்ஷன் மனு போட்டிருந்தால், கிடைத்ததோ இல்லையோ, கோப்பு ஒன்று திறந்திருப்பார்கள். தள்ளுபடியான மனுவின் கோப்பு சில சமயம் இன்னும் தடிமனாக இருக்கும். காரணம் கேட்டு, மேல்முறையீடு செய்து, மறு விசாரணை என்று தாள் சேர்ந்துகொண்டே போகும்.

மாநில அரசின் தியாகி பென்ஷன் 1966-ல் தொடங்கியது. மத்திய அரசினுடையது 1972 ஆகஸ்ட் 15-ல். 1980-லிருந்து அதற்கு சுதந்திர சைனிக் சம்மான் என்று பெயர். இரண்டும் தனித்தனிக் கோப்புகள். ஒன்றில் இல்லையென்றால் மற்றதிலும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மத்தியத் திட்டத்துக்குப் பொதுவாக ஆறு மாதச் சிறை தேவை. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் மூன்று மாதம்.

கோப்புக்குள் என்ன இருக்கும்? மனுப் படிவத்தில் தகப்பனார் பெயர், பிறந்த ஊர், படையில் சேர்ந்த தேதியும் இடமும், பிரிவு, அடைபட்ட சிறை அல்லது முகாம், விடுதலைத் தேதி. கூடவே அவரோடு சிறையிலிருந்த இரண்டு பேர் கொடுத்த சான்று. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), தாசில்தார் விசாரணை அறிக்கை. சில கோப்புகளில் ஒட்டிய புகைப்படம், கைரேகை. சான்று கொடுத்த அந்த இரண்டு பேரின் முகவரியைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பென்ஷன் வாங்கியவர்கள் என்றால் அவர்களுக்கும் கோப்பு இருக்கும், அதில் அதே முகாம் இன்னொருவர் வாயால் சொல்லப்பட்டிருக்கும்.

உங்கள் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. 1978-ல் சிவகங்கை என்று தனி மாவட்டமே கிடையாது. எல்லாம் பழைய இராமநாதபுரம் மாவட்டம்; அதன் கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில். 1985-ல் பிரித்தபோது உங்கள் பகுதி பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் ஆனது, சிவகங்கை என்ற பெயர் அதற்கும் பின்னால். கோப்புகள் பிரிந்தபோது எது எங்கே போனது என்பது பதிவறைக்கே வெளிச்சம். எனவே சிவகங்கை, இராமநாதபுரம் இரண்டு கலெக்டர் அலுவலகங்களுக்கும் தனித்தனியாக மனு போடுங்கள். தபாலின் முத்திரையில் "மதுரை" என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவில் "என் கொள்ளுத்தாத்தா பற்றிய எல்லாத் தகவலும் தருக" என்று எழுதினால் "தகவல் இல்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "(1) 1966 முதல் 1985 வரை ……… கிராமம், ……… வட்டத்தைச் சேர்ந்த, ……… மகன் ……… அவர்களின் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதிய மனு தொடர்பான கோப்பின் ந.க. எண், (2) அக்கோப்பின் அனைத்துப் பக்கங்களின் நகல், (3) கோப்பு அழிக்கப்பட்டிருப்பின் அழித்த தேதியும் அதற்கான ஆணை நகலும், (4) இதே காலத்துக்குரிய ஓய்வூதியதாரர் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி." மூன்றாவது கேள்வி முக்கியம். அழித்ததற்குத் தாள் காட்ட வேண்டும் என்று வரும்போது பதிவறையில் இன்னொரு முறை தேடுவார்கள்.

மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், தமிழிலேயே எழுதலாம். தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் அரசியல் ஓய்வூதியப் பிரிவுக்கு ஒன்று, டெல்லி உள்துறை அமைச்சகத்தின் சுதந்திரப் போராட்ட வீரர் பிரிவுக்கு ஒன்று. டெல்லி மனுவை ஆன்லைனில் போடலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம்" என்று மறுத்தால் சட்டத்தின் 8(3) பிரிவைக் காட்டுங்கள்: 20 வருடத்துக்கு முந்தைய விஷயத்துக்கு அந்தக் காரணம் செல்லாது.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. கொள்ளுப்பாட்டி அவருக்குப் பின் இருந்திருந்தால், குடும்ப பென்ஷன் வந்ததா என்று பாருங்கள். பழைய பேங்க் பாஸ்புக், கருவூலத்தின் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) புத்தகம், 1972-ல் கொடுத்த தாமிரப் பட்டயம், இலவச பஸ் பாஸ், எதுவானாலும் சரி. பி.பி.ஓ. எண் ஒன்று கிடைத்தாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

---

ஈப்போ கமலா:

மலேசியப் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) கிடைக்கும் என்று பலர் நம்பி வருகிறார்கள். ஜப்பானியர் காலத்துக்கு முந்தைய செக்ரோல்கள் பெரும்பாலான தோட்டங்களில் மிஞ்சவில்லை. பெரிய கம்பெனிகளின் லண்டன் காகிதங்களில் லாபக் கணக்கு இருக்கும், தொழிலாளி பெயர் இருக்காது. அதில் நேரம் போக்காதீர்கள்.

கோலாலம்பூரில் உள்ள ஆர்க்கிப் நெகாராவில் (மலேசிய தேசிய ஆவணக் காப்பகம்) 1945–46 பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகக் கோப்புகள் உள்ளன. தேடும்போது ஆள் பெயரைப் போடாமல் "சுங்கை சிப்புட்", "கோல கங்சார்", "இந்திய லேபர்", "இந்திய சுதந்திர லீக்" என்று இடமும் பொருளுமாக ஆங்கில எழுத்தில் போடுங்கள். சுங்கை சிப்புட் கோல கங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டப் பெயரில்தான் பல கோப்புகள் திறக்கப்பட்டிருக்கும்.

சிங்கப்பூர் வீட்டிலிருந்தே தேட உதவும். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஜப்பானியர் காலத்து சியோனான் பத்திரிகையும் போருக்குப் பிந்தைய இந்தியன் டெய்லி மெயிலும் வார்த்தை போட்டுத் தேடலாம். 1946 செய்திகளில் ஐ.என்.ஏ. ஆட்களின் விடுதலை, நிவாரணம், கப்பல் விவரங்கள் வருகின்றன. பழைய அச்சு என்பதால் எழுத்து உணரி தப்புத் தப்பாகப் படிக்கும்; ஒரு சொல்லில் கிடைக்காவிட்டால் பக்கத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஐ.என்.ஏ.வில் இருந்தவர்களின் பேட்டிகள் உள்ளன, தமிழிலும் உண்டு. உங்கள் ஆள் அதில் இருக்கமாட்டார். ஆனால் பயிற்சி முகாமில் என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு டிரில், எந்த மொழியில் கட்டளை என்பதெல்லாம் தெரிந்தால்தான் வீட்டுப் பெரியவர் சொல்லும் துண்டுப் பேச்சைப் பொருத்திப் பார்க்க முடியும்.

வீட்டில் பாட்டிகள் வழிச் செய்தி இருந்தால் அதையும் விடாதீர்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். "தாத்தாவோடு சேர்ந்தவர்" என்று சொல்லப்படும் பெண் உறவினர் பெயரில் இந்தியாவிலோ இங்கேயோ தனி ஆவணம் இருக்கலாம்.

---

காளையார்கோவில் மருது:

நன்றி ஐயா, நன்றி அக்கா. தபாலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முத்திரையில் "இராமநாதபுரம் மாவட்டம், மதுரை" என்றே இருக்கிறது. எண்ணின் கடைசியில் "/74" தெரிகிறது. படத்தில் தொப்பியின் பேட்ஜ் மங்கலாக உள்ளது. அவர் பெயர் முத்தையா. பத்திரத்தில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அத்தை ஒருவர் "பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார்" என்கிறார்.

---

பழங்கோப்பு:

அத்தை சொன்னது பெரிய விஷயம். பர்மாவில் பிடிபட்டு இந்திய முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர் என்றால் கல்கத்தாவோ சிட்டகாங்கோ பேச்சில் வந்திருக்கும், அப்புறம் ரயிலில் ஊர். பினாங்கு–நாகப்பட்டினம் என்றால் அவர் போர் முடியும்போது மலாயாவில் இருந்தார், அல்லது பர்மாவிலிருந்து மலாயாவுக்கே திரும்பி அங்கிருந்து ஊர் வந்தார். இரண்டு நிலையிலும் செங்கோட்டை விசாரணைக் கோப்பை எதிர்பார்க்காதீர்கள்.

அதே நேரம் பென்ஷன் மனுவில் அவர் ரங்கூன் சிறையையோ வேறொரு முகாமையோ குறிப்பிட்டிருந்தால், அதை அத்தை பேச்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பில் உள்ள தேதிகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆறு மாதம் என்ற விதி இருந்ததால், பல மனுக்களில் சிறைக்காலம் ஆறு மாதத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். மனு எழுதிக் கொடுத்தவர் ஒருவரே என்றால் சான்றுகளின் வாசகமும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்கும். பொய் என்று சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்து நினைவிலிருந்து சொன்னதைப் படிவத்தின் கட்டத்துக்குள் அடைத்தால் அப்படித்தான் வரும். 1945 மே 3-ல் பிரிட்டிஷார் ரங்கூனில் நுழைந்தார்கள், செப்டம்பர் 12-ல் சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்தார்கள். ரங்கூனில் பிடிபட்ட தேதி மே மாதத்துக்கு முன்பாகவோ, மலாயாவில் பிடிபட்ட தேதி செப்டம்பருக்கு முன்பாகவோ எழுதியிருந்தால் அங்கே ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

---

லென்ஸ் ரத்தினம்:

படம் பற்றி. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரையில் ஈப்போ, தைப்பிங், ரங்கூன் என்று ஊர் இருக்கும். அட்டையில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுத்தால் அமுங்கிய எழுத்து தெரியும். ஸ்கேன் குறைந்தது 600 டிபிஐ. பேட்ஜ் பகுதியை மட்டும் 1200-ல் தனியாக எடுங்கள். கலர் மோடிலேயே எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மஞ்சள் கறைக்கும் பேட்ஜ் கோட்டுக்கும் வித்தியாசம் போய்விடும்.

காக்கி உடுப்பு மட்டும் எதையும் நிரூபிக்காது. பிரிட்டிஷ் கிடங்குகளில் கிடைத்த துணியைத்தான் படையும் உடுத்தியது. போருக்கு முந்தைய தொண்டர் படைக்காரரும் அப்படித்தான் இருப்பார். ஐ.என்.ஏ.வின் முழக்கம் "இத்திஃபாக், இத்மாத், குர்பானி" (ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம்). அந்த எழுத்தின் சாயல் தெரிகிறதா பாருங்கள். துள்ளும் புலியும் ஜெர்மன் எழுத்தும் உள்ள கைப்பட்டை ஐரோப்பாவில் அமைந்த படைக்குரியது. மலாயா ஆள் வீட்டில் அது இருந்தால் பின்னால் யாரோ வாங்கி வைத்தது. ஆசாத் ஹிந்த் வங்கி நோட்டு என்று ஏலத் தளங்களில் வருவதிலும் போலி மலிந்து கிடக்கிறது, காசு கொடுக்காதீர்கள்.

---

பழங்கோப்பு:

பெயர் விஷயத்தை முடித்துவிடுகிறேன், தேடல் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். முத்தையா என்றால் ஆங்கிலத்தில் முத்தியா, முத்தய்யா, மூத்தையா, முட்டையா என்று குமாஸ்தா காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருப்பார். தமிழ் தெரியாத குமாஸ்தா 'ஐயா'வை வெட்டி 'முத்து' என்றே முடித்திருக்கலாம். இனிஷியல் ஊரா, தகப்பன் பெயரா என்பதும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். மலேசியக் காகிதத்தில் தகப்பன் பெயர் தனியாகப் பின்னால் வரும். சாதிப் பட்டம் ஒன்றில் ஒட்டியிருக்கும், மற்றதில் இருக்காது. ஆகவே பெயர் ஒத்துப்போனதும் துள்ள வேண்டாம். தகப்பன் பெயர், கிராமம், தோட்டம் இந்த மூன்றில் இரண்டாவது ஒத்துப்போனால்தான் அவர் உங்கள் ஆள். முத்தையா என்ற பெயரில் அந்தப் படையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர்ப் பட்டியல்களில், தமிழக அரசு 1970-களில் மாவட்டவாரியாக வெளியிட்ட சுதந்திரப் போராட்ட வீரர் விவரத் தொகுதிகளைப் பாருங்கள். இராமநாதபுரம், மதுரைப் பகுதிகளில் ஐ.என்.ஏ. ஆட்கள் ஏராளம். எழும்பூரில் கன்னிமாராவிலோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ கேட்டுப் பாருங்கள். இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் தியாகிகள் அகராதி ஐந்து தொகுதி, தென்னிந்தியாவுக்கு ஐந்தாவது. அதில் உயிர்நீத்தவர்கள் மட்டுமே, ஆக உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அது உதவாது. அவரோடு போய்த் திரும்பாத ஊர்க்காரர்களுக்கு உதவும்.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் ஒப்படைத்த 990 ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. அந்தக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் இலவசமாகப் பதிந்து தலைப்புகளைத் தேடலாம். தலைப்பில் ஆள் பெயர் வராது. பிரிவு, முகாம், பட்டியல் என்றுதான் வரும். பிரிட்டிஷ் உளவுத்துறைத் தாள்களில் இந்தப் படையினரை ஜே.ஐ.எஃப். என்று குறிப்பார்கள், அந்தச் சுருக்கத்தையும் போட்டுத் தேடுங்கள். பின்வாங்கும்போதும் சரணடையும் முன்பும் படையே தன் தாள்களை எரித்ததால், முழுப் பெயர்ப் பட்டியல் எங்கேயும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

---

தாலுகா கச்சேரி:

"/74" என்பது நல்ல செய்தி தம்பி, மத்தியத் திட்டம் வந்து இரண்டு வருடத்தில் போட்ட மனுவாக இருக்கும். கிழிந்த பாகத்தில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு இலக்கமும் இருந்திருக்கும். அது எந்த செக்‌ஷன் என்பதற்கான குறி. தெரிந்தவரை அப்படியே எழுதுங்கள், தெரியாத இடத்தில் ஊகித்து இலக்கம் போட்டுவிடாதீர்கள்; தப்பு எண்ணைத் தேடி "அப்படிக் கோப்பு இல்லை" என்று எழுதிவிடுவார்கள். தபாலின் இரண்டு பக்க நகலையும் மனுவோடு இணைத்து, சிவகங்கை, இராமநாதபுரம் இரண்டுக்கும் ஒரே நாளில் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஒருவர் "எங்களிடம் இல்லை, அவர்களிடம்தான்" என்றால், ஆர்டிஐ சட்டத்தின் 6(3) பிரிவின் கீழ் ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. டெல்லி மனுவை மட்டும் மாவட்டக் கோப்பு கைக்கு வந்த பிறகு போடுங்கள். மாவட்டம் மேலே அனுப்பிய பரிந்துரைக் கடிதத்தின் எண்ணும் தேதியும் அதில்தான் இருக்கும், அது இல்லாமல் டெல்லியில் தேடச் சொன்னால் தேடமாட்டார்கள்.